‘இவருக்குப் பதில் இவர்’: பிடித்த நாவல் தொடர் மீதே வாசகர்கள் கோபப்படுவது ஏன்?

தமிழ் சீரியல் பார்ப்பவர்களுக்கு ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற வாசகம் பழகிப்போன ஒன்று. நேற்று வரை ஒரு முகம், இன்று வேறு முகம். ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் புது முகத்தை ஏற்றுக்கொள்வோம். ஆள் மாறினாலும் கதாபாத்திரத்தின் குணம் மாறவில்லையே! நாவலில் இதற்கு நேரெதிராக நடந்தால் என்ன ஆகும்? பெயர் அதேதான், முகம் அதேதான், குணம் மட்டும் வேற. அங்கே முன்னறிவிப்பு போட்டுக் காட்டவும் யாரும் இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ தொடரின் வாசகர்களில் ஒரு பகுதியினரிடம் இருக்கும் மனக்குறை இதுதான். தொடரைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குறை என்றால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். இதைச் சொல்பவர்களோ ஐந்து புத்தகங்களையும் வாங்கி, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். அவர்களுக்கு என்னதான் பிரச்சினை? எழுத்தாளர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? சறுக்கியதைச் சரிசெய்ய வழி உண்டா? விரிவாகப் பார்ப்போம்.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் இங்கே பேசப்படுகின்றன. இனிமேல்தான் படிக்கப் போகிறோம் என்பவர்கள் கவனிக்கவும்!)

அது என்ன ‘ரொமான்டஸி’?

ரொமான்ஸும் ஃபேன்டஸியும் கலந்த கதைதான் ‘ரொமான்டஸி’. மந்திரம், போர், ராஜ்ஜியம் எல்லாம் இருக்கும். ஆனால், கதையை இழுத்துச் செல்லும் வடம் காதல். கடந்த சில ஆண்டுகளில் ஆங்கிலப் புத்தகச் சந்தையில் அதிக வேகமாக விற்பவற்றில் இந்த வகைக்கு முக்கிய இடம் உண்டு. ரெபேக்கா யாரோஸ் எழுதிய ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது.

இந்த அலைக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் மாஸ். ‘கோர்ட்’ தொடரின் முதல் புத்தகம் 2015-ல் வெளியானது. 2016, 2017, 2018 என்று ஆண்டுக்கு ஒன்றாக அடுத்தடுத்து வந்தன. ஐந்தாவது புத்தகமான ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ 2021 பிப்ரவரியில் வந்தது. ஹாரி பாட்டரை வெளியிட்ட அதே ப்ளூம்ஸ்பரிதான் இவற்றுக்கும் பதிப்பாளர். 2024 பிப்ரவரியுடன் முடிந்த நிதியாண்டில் மாஸின் புத்தக விற்பனை 161% உயர்ந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு எழுத்தாளரின் கற்பனை, ஒரு பெரிய பதிப்பகத்தின் வரவு செலவையே மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறது.

கதை என்ன?

ஃபேரா என்ற 19 வயதுப் பெண். வறுமையில் வாடும் குடும்பத்துக்காகக் காட்டில் வேட்டையாடுகிறாள். ஒருநாள் அவள் கொன்ற ஓநாய், உண்மையில் மந்திர சக்தி கொண்ட ‘ஃபே’ இனத்தைச் சேர்ந்தவன். அதற்கு ஈடாக வசந்த ராஜ்ஜியத்தின் தலைவன் டாம்லின் அவளைத் தன் நாட்டுக்குக் கூட்டிப்போகிறான். இருவருக்கும் காதல் மலர்கிறது. அவனுடைய சாபத்தை நீக்கப் போராடி ஃபேரா உயிரையே விடுகிறாள். ஏழு ராஜ்ஜியத் தலைவர்களும் தங்கள் சக்தியில் ஒரு துளி கொடுத்து அவளை உயிர்ப்பிக்கிறார்கள். இப்போது அவளும் ஒரு ஃபே.

இரண்டாம் புத்தகத்தில் கதை தலைகீழாகத் திரும்புகிறது. அன்பாக இருந்த டாம்லின், பாதுகாப்பு என்ற பெயரில் ஃபேராவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். அவள் மூச்சுமுட்டிப் போகிறாள். அங்கிருந்து அவள் தப்ப வழிகாட்டுபவன், முதல் புத்தகத்தில் வில்லன்போல வந்த இரவு ராஜ்ஜியத்தின் தலைவன் ரைஸாண்ட். அவனுடைய சிறப்பே, எதையும் ஃபேராவின் விருப்பத்துக்கு விடுவதுதான். ‘முடிவு உன்னுடையது’ என்பதுதான் அவன் காதலின் அடிப்படை. அவளை மனைவியாக மட்டும் வைக்காமல், தனக்குச் சமமான ஆட்சியாளராகவும் ஆக்குகிறான். லட்சக்கணக்கானோர் இந்தத் தொடருக்குள் விழுந்தது இந்த இடத்தில்தான்.

கோபம் எங்கே ஆரம்பித்தது?

ஐந்தாவது புத்தகத்தில் கதை ஃபேராவின் அக்கா நெஸ்டாவிடம் போகிறது. ஃபேராவும் ரைஸாண்டும் பக்கக் கதாபாத்திரங்கள் ஆகிறார்கள். ஃபேரா கருவுற்றிருக்கிறாள். குழந்தைக்கு இல்லிரியன் இனத்தைப்போலச் சிறகுகள் இருப்பது தெரியவருகிறது. ஃபேராவின் இடுப்பெலும்பு அமைப்பு அப்படியொரு பிரசவத்துக்கு ஏற்றதல்ல. அவள் பிழைப்பதே கடினம். இந்த விஷயம் ரைஸாண்டுக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், நெருங்கிய நண்பர்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் ஃபேரா. அவளிடம் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டது ரைஸாண்ட்.

‘முடிவு உன்னுடையது’ என்று சொன்ன அதே ரைஸாண்ட்!

வாசகர்கள் கொதித்துப் போனதற்குக் காரணம் புரிகிறதா? கர்ப்பிணியின் உடல்நிலையை அவளிடம் சொல்லாமல் வீட்டு ஆட்களிடம் மட்டும் சொல்வது, மந்திர உலகத்தில் மட்டும் நடக்கும் சங்கதி கிடையாது. நிஜ மருத்துவமனைகளின் வராந்தாவிலும் நடப்பதுதான். அப்படிப்பட்ட உலகத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் பலர் இந்தத் தொடரைக் கையில் எடுத்தார்கள். அங்கேயும் அதுவே நடக்கும்போது, ‘இங்கயுமா?’ என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

இன்னொரு உறுத்தலும் உண்டு. போருக்குப் பிறகு மனம் உடைந்து குடியில் மூழ்கிக் கிடக்கிறாள் நெஸ்டா. அவளைத் திருத்துவதற்காக மலை உச்சி மாளிகையில் தங்கவைக்கிறார்கள். பறக்கத் தெரிந்தவர் தூக்கிச் சென்றால் வெளியேறலாம். இல்லையென்றால் 10,000 படிகள் இறங்க வேண்டும். போக மறுத்தால், அவளை யாரும் விரும்பாத மனித நிலத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இந்த முடிவுக்குத் துணை நிற்பவள் ஃபேரா. ‘என் நன்மைக்காக’ என்று சொல்லி வீட்டுக்குள் பூட்டப்பட்ட வலியை நேரடியாக அனுபவித்த அதே ஃபேரா. டாம்லின் பூட்டியது கொடுமை என்றால், இது மட்டும் எப்படி அக்கறை ஆகும் என்று கேட்கிறார்கள் வாசகர்கள்.

மூன்று வகை முரண்கள்

‘முரண்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் எல்லாம் ஒரே எடை கிடையாது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தகவல் பிழை. கண் நிறம், வயது, தேதி, தூரம் போன்றவை. இதில் பெரிய எழுத்தாளர்களும் தப்பியதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டுக் காயம், முதல் நாவலில் தோளில் இருக்கிறது. அடுத்த நாவலில் காலுக்கு இறங்கிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களே தவிர, ஹோம்ஸை யாரும் தூக்கி எறியவில்லை.

இரண்டாவது, உலக விதிப் பிழை. கற்பனை உலகம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று நினைப்பது தவறு. அங்கே என்ன முடியும், என்ன முடியாது என்று எழுத்தாளர் ஒரு கோடு போட்டுத் தருகிறார். அந்தக் கோடு இருப்பதால்தான் ஆபத்து ஆபத்தாகத் தெரிகிறது. ‘கோர்ட்’ தொடரில் ஃபேராவுக்கு உருமாறும் சக்தி உண்டு. தேவைப்படும்போது இல்லிரியன் சிறகுகளை முளைக்க வைத்துப் பறக்கவே கற்றுக்கொள்பவள் அவள். அப்படியிருக்க, பிரசவத்தில் உடலமைப்பை மாற்றிக்கொள்ள முடியாதா? உருமாறினால் குழந்தைக்கு ஆபத்து என்று புத்தகம் பதில் சொல்கிறது. பதில் இருக்கிறது, ஆனால் பிரச்சினைக்காகவே கொண்டுவந்து ஒட்டிய பதில்போல இருக்கிறது என்பது வாசகர்களின் வாதம். மரணத்துக்கும் இதே கதிதான். முதல் புத்தகத்தில் ஃபேரா இறந்து பிழைக்கிறாள். மூன்றாவதில் ரைஸாண்ட் இறந்து பிழைக்கிறான். அதே புத்தகத்தில் ஆம்ரென் என்ற முக்கியக் கதாபாத்திரமும் திரும்பி வருகிறாள். ஐந்தாவதில் சாவின் விளிம்பில் இருக்கும் ஃபேராவை, நெஸ்டா தன் சக்தியின் பெரும்பகுதியைக் கொடுத்து மீட்கிறாள். நாலு தடவை ஏமாந்தவர், அடுத்த மரணத்துக்கு அழுவாரா?

மூன்றாவது, வாக்குப் பிழை. ஒரு கதாபாத்திரம் இப்படிப்பட்டவர் என்று கதை நமக்குக் கொடுத்த வாக்கைக் கதையே மீறுவது. ரைஸாண்ட், ஃபேரா விஷயத்தில் நடந்தது இதுதான். முதல் வகைக்குச் சிரிப்பு வரும், இரண்டாவதுக்குச் சலிப்பு வரும். இந்த மூன்றாவதுக்குத்தான் கோபம் வருகிறது.

மனிதர்கள் மாற மாட்டார்களா?

நியாயமான கேள்வி. தொடரை ஆதரிக்கும் வாசகர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். ரைஸாண்டுக்கு 500 வயதுக்கு மேல் இருக்கலாம். ஆனால், மனைவியையும் குழந்தையையும் சேர்த்து இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் எவருக்கும் புத்தி தடுமாறும். இரண்டு பேரில் ஒருவர் இறந்தால் மற்றவரும் இறக்க வேண்டும் என்று அவர்களே ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அந்த நிலைமையில் கொள்கை பேச முடியுமா?

தவிர, முதல் மூன்று புத்தகங்களைப் பெரும்பாலும் ஃபேராவே ‘நான்’ என்று சொல்கிறாள். காதலிக்கும் பெண்ணின் கண்ணில் ரைஸாண்ட் எப்படித் தெரிவான்? குறையே இல்லாதவனாகத்தானே! ஐந்தாம் புத்தகம் நெஸ்டா, அவளை விரும்பும் காஸியன் ஆகிய இருவரின் பார்வையில் நகர்கிறது. நெஸ்டாவுக்கு ரைஸாண்டைப் பிடிக்காது. அவள் கண்ணில் அவன் கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிவான். ஆக, மாறியது ஆளா, கேமராவா?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், டாம்லினை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். முதல் புத்தகத்தின் நாயகன் டாம்லின், இரண்டாம் புத்தகத்தில் அடியோடு மாறினான். அதையும் சில வாசகர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் பலருக்கு அந்த மாற்றம் நம்பும்படியாக இருந்தது. தொடரிலேயே சிறந்தது இரண்டாம் புத்தகம்தான் என்பவர்கள் நிறைய. ஒரே எழுத்தாளர், ஒரே மாதிரியான குண மாற்றம். ஒன்று ஏன் எடுபட்டது, மற்றது ஏன் உறுத்துகிறது?

விடை, மாற்றத்துக்குக் கதை வாங்கிய விலையில் இருக்கிறது. டாம்லின் செய்தது தவறு என்று கதைக்கே தெரியும். அதற்காக அவன் காதலை இழக்கிறான், நாட்டை இழக்கிறான், மரியாதையை இழக்கிறான். ரைஸாண்ட் எதையும் இழப்பதில்லை. அவன் மறைத்த உண்மையை ஒரு சண்டையில் நெஸ்டா கோபத்தோடு போட்டு உடைக்கிறாள். ஃபேராவுக்கும் ரைஸாண்டுக்கும் இடையிலான பேச்சும் சமாதானமும் பெரும்பாலும் நம் கண்ணுக்குப் படாமலேயே முடிந்துவிடுகின்றன. நகரத்தை விட்டு அனுப்பப்பட்டு, காஸியனோடு மலையேறி உடலும் மனமும் நொறுங்கிப் போவது யார்? உண்மையைச் சொன்ன நெஸ்டா. மறைத்தவன் வீட்டில், சொன்னவள் காட்டில்!

ஒரு கதாபாத்திரம் வளர்ந்திருக்கிறதா, எழுத்து தடுமாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மாற்றத்தைக் கதைக்குள் யாராவது கவனிக்கிறார்களா? அதற்காக யாராவது விலை கொடுக்கிறார்களா? கொடுக்க வேண்டியவர்தான் கொடுக்கிறாரா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது வளர்ச்சி. ‘இல்லை’ என்றால், வாசகர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எழுத்தாளர்கள் ஏன் சறுக்குகிறார்கள்?

முதல் காரணம், வேகம். மாஸின் 2015 முதல் 2018 வரையிலான கணக்கைப் பாருங்கள். ‘கோர்ட்’ தொடரில் ஆண்டுக்கு ஒரு புத்தகம். அதே நேரத்தில் ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ என்ற இன்னொரு தொடரிலும் ஆண்டுக்கு ஒன்று. இடையில் கேட்வுமன் பற்றிய ஒரு நாவல் வேறு. நான்கு ஆண்டுகளில் ஒன்பது புத்தகங்கள்! அவற்றில் ‘கிங்டம் ஆஃப் ஆஷ்’ மட்டுமே ஆயிரம் பக்கங்களை நெருங்கும். யாரோஸ் விஷயத்திலும் இதே கதைதான். ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம் வந்தது. அதன் அடுத்த பாகமான ‘அயர்ன் ஃப்ளேம்’ அதே ஆண்டு நவம்பரில். ஆறே மாதம். அந்தப் புத்தகத்தின் சில பிரதிகளில் பக்கங்கள் தலைகீழாக இருந்ததாகவும், விடுபட்டிருந்ததாகவும் புகார்கள் எழுந்தன. அச்சுக்கூடமே மூச்சுவாங்கும்போது கதை மட்டும் நிதானமாக நடக்குமா?

அடுத்தது, தொடர் நீள்வது. ‘கோர்ட்’ தொடர் ஆரம்பத்தில் மூன்று புத்தகங்களாகத்தான் திட்டமிடப்பட்டது. மூன்று பாகங்களில் போர் முடிந்து, காதலர்கள் சேர்ந்து, சுபம் போட்டாயிற்று. ரொமான்ஸ் வாசகர்களுடன் எழுதப்படாத ஒரு ஒப்பந்தம் உண்டு: கடைசியில் ஜோடி சந்தோஷமாக இருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்கும் ஜோடியை வைத்து நாலாவது, ஐந்தாவது புத்தகத்தில் பரபரப்பை எப்படி உண்டாக்குவது? பிரிக்கவும் முடியாது. அப்போது எழுத்தாளருக்கு எளிதாகக் கிடைக்கும் கருவி, ரகசியம். ஒருவர் மற்றவரிடம் எதையோ மறைக்க வேண்டும். மறைத்தால் கதை நகரும். ஆனால், மறைக்க மாட்டார் என்று நாம் நம்பிய ஆள் மறைக்க வேண்டியிருக்கும். கதையின் தேவைக்காகக் குணம் வளைகிறது.

கதைசொல்லும் ஆள் மாறுவதாலும் சிக்கல் வரும். நெஸ்டாவின் கதையில் ரைஸாண்ட் தடையாக இருந்தால்தான் நெஸ்டா மீது நமக்கு இரக்கம் வரும். அக்காவின் கதை நன்றாக அமைய, தங்கையின் கதை நாயகன் கொஞ்சம் கெட்டவனாக வேண்டியிருக்கிறது. நெஸ்டாவைத் தனியாகப் படிப்பவருக்கு இது குறையாகத் தெரியாது. ஐந்தையும் வரிசையாகப் படிப்பவருக்குத்தான் குத்தும்.

மாறியது கதை மட்டுமல்ல, யாருக்கான கதை என்பதும் மாறியது. முதல் புத்தகங்கள் இளையோர் நாவல்களாகச் சந்தைக்கு வந்தன. 2020-ல் புதிய அட்டைகளோடு, பெரியவர்களுக்கான நாவல்களாக மறு வெளியீடு கண்டன. ஐந்தாவது புத்தகம் முழுக்கவே பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தொனியும் கடுமையும் கூடியதில், பழைய கதாபாத்திரங்கள் புது வீட்டில் பொருந்தாமல் நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவு. எழுத்தாளர் ஒரு காட்சியைப் பல தடவை எழுதி, அழித்து, மாற்றுகிறார். அவர் மனதில் அந்தக் காட்சியின் நாலைந்து வடிவங்கள் இருக்கும். அச்சில் வராத வடிவங்களும் சேர்த்து. வாசகரிடம் இருப்பதோ ஒரே ஒரு வடிவம். அதையும் பத்துத் தடவை படித்திருப்பார், ஒலிப்புத்தகமாகக் கேட்டிருப்பார், அடுத்த பாகம் வருவதற்கு முன்பு மீண்டும் ஒருமுறை புரட்டியிருப்பார். இந்த நினைவாற்றல் போட்டியில் எழுத்தாளர் ஜெயிப்பது கஷ்டம்.

எடிட்டர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பெரிய பதிப்பகங்களில் பிரதி திருத்துநர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பட்டியல் போடுவார்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல், யாருக்கு என்ன கண் நிறம், எந்தச் சம்பவம் எந்த நாளில், எந்த ஊர் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். நீண்ட தொடர்களுக்கு இதையே விரித்து ‘தொடர் பைபிள்’ என்று வைத்துக்கொள்வார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கோ, அவர் கதையுலகத்தை அவரைவிட நுணுக்கமாக ஞாபகம் வைத்திருக்கும் இரண்டு ரசிகர்களே துணையானார்கள். எலியோ கார்சியா, லிண்டா ஆண்டன்சன் என்ற அந்தத் தம்பதி, பிறகு அந்த உலகத்தின் வரலாற்று நூலுக்கு அவரோடு இணை ஆசிரியர்களாகவும் ஆனார்கள்.

ஆனால், இந்தப் பட்டியல்கள் பிடிப்பது முதல் இரண்டு வகைப் பிழைகளை மட்டும்தான். நீலக் கண் பச்சையானால் பட்டியல் மணி அடிக்கும். ‘முடிவு உன்னுடையது’ என்று சொன்னவன் மூன்று புத்தகங்கள் கழித்து முடிவைத் தானே எடுத்தால், எந்தப் பட்டியலும் மணி அடிக்காது. அந்தக் காட்சியைத் தனியாக எடுத்துப் படித்தால் அதில் பிழையே இல்லை. பயந்துபோன கணவன், கலங்கிய நண்பர்கள், நல்ல நாடகம். முந்தைய காட்சியோடு சேர்த்துப் படித்தால்தான் விரிசல் தெரியும். ‘இவன் இப்படிச் செய்ய மாட்டானே’ என்று எழுத்தாளரிடம் நேருக்கு நேர் சொல்லக்கூடிய ஒரு ஆள் அங்கே தேவை. எழுத்தாளர் பெரிய ஆளாக வளர வளர, புத்தகத்துக்கான தேதி நெருங்க நெருங்க, அப்படிச் சொல்வது கடினமாகிக்கொண்டே போகும்.

மாஸின் சவால் இன்னும் பெரிது. அவருடைய ‘கிரசன்ட் சிட்டி’ தொடரின் இரண்டாம் புத்தகம், 2022-ல், அதன் நாயகியை ‘கோர்ட்’ தொடரின் உலகத்துக்குள் கொண்டுவந்து இறக்கியது. மூன்று தொடர்கள், 16 புத்தகங்கள் இப்போது ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. ஒரு வீட்டுக் கணக்கு மூன்று வீட்டுக் கணக்கு ஆகிவிட்டது.

திருத்தவே முடியாதா?

தகவல் பிழையைத் திருத்துவது சுலபம். ‘ஹாரி பாட்டர் அண்ட் த காப்லெட் ஆஃப் ஃபயர்’ 2000-ல் வெளியானபோது, ஹாரியின் பெற்றோர் மந்திரக்கோலிலிருந்து நிழலுருவாக வெளிவரும் வரிசை மாறியிருந்தது. வாசகர்கள் சுட்டிக்காட்டினார்கள், பிந்தைய பதிப்புகளில் சரிசெய்தார்கள். மின்நூல் காலத்தில் இது இன்னும் எளிது.

குணத்தில் விழுந்த விரிசலுக்குத் திருத்திய பதிப்பு மட்டும் போதாது. அதற்கு டோல்கீன் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. 1937-ல் வந்த ‘த ஹாபிட்’ நாவலின் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கக் கோலம் தயாராகவே இருப்பான். பிறகு ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதும்போது அந்த மோதிரம், வைத்திருப்பவரை விடவே விடாத கொடிய பொருளாகிவிட்டது. இரண்டும் ஒட்டவில்லை. 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழையதை மூடி மறைக்கவும் இல்லை. முதலில் சொன்னது பில்போ சொன்ன பொய் என்றும், அந்தப் பொய்யே மோதிரம் அவன் மனதைப் பிடித்துக்கொண்டதற்கு அடையாளம் என்றும் புதிய கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். முரண், கதையின் பலமாக மாறியது.

ரைஸாண்டுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அவன் செய்தது தவறு என்று வரப்போகும் கதை ஒப்புக்கொண்டால் போதும். ஃபேரா அவனிடம் ஒருமுறை முழுசாகக் கோபப்பட்டு, அந்தக் கோபத்தை வாசகர்கள் நேரில் பார்த்தால் போதும். நெஸ்டாவிடம் யாராவது மன்னிப்புக் கேட்டால் போதும். பழைய புத்தகத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

வாசகர் தரப்புக்கும் ஒரு வார்த்தை

கோபத்துக்கும் வன்மத்துக்கும் இடையில் ஒரு கோடு உண்டு. ‘இந்தக் காட்சி அந்தக் காட்சிக்குப் பொருந்தவில்லை’ என்பது விமர்சனம். எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையை இழுப்பதும், அவரைப் பிடித்தவர்களை ஏளனம் செய்வதும் விமர்சனம் ஆகாது. வாசகர் ஊகித்தது நடக்காமல் போவதும் முரண் அல்ல. நமக்குப் பிடித்த ஜோடி சேரவில்லை என்பதற்காக எழுத்து கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. நாம் எதிர்பார்த்ததைக் கதை மீறுகிறதா, கதை தானே சொன்னதை மீறுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது எழுத்தாளரின் உரிமை. இரண்டாவதைக் கேட்பது வாசகரின் உரிமை.

‘வெறும் காதல் கதைதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஹோம்ஸ் ரசிகர்கள் வாட்சனின் காயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அது ஆய்வு. பெண்கள் அதிகம் வாசிக்கும் ஒரு தொடரில் ஒரு கர்ப்பிணியிடம் உண்மை மறைக்கப்பட்டதைக் கேட்டால் அது வேலையற்ற வேலையா? தோளில் பட்ட குண்டு காலுக்கு இறங்கியதைவிட, இது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அடுத்த பாகம் வரும்போது, இந்தக் குறையைச் சொல்லும் வாசகர்களில் பலர் முதல் நாளே வாங்கிப் படிப்பார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. படிக்கும்போது அவர்கள் தேடப்போவது புது மந்திரத்தையோ புது எதிரியையோ மட்டுமல்ல. ஃபேராவிடம் ரைஸாண்ட் அன்று சொன்ன அந்த வார்த்தை இன்னும் செல்லுமா என்பதையும்தான்.